மலைநாட்டுக் கடிகாரமும் மறுநாட்டு மின்சாரமும்

சேர்வராயன் மலையில் வாழவந்தி என்னும் சிற்றூரைச் சேர்ந்தவன் நான். 1988-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பணியாற்றிய என் தமையனார் விடுமுறைக்கு வந்தபோது மின்சாரக் கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்தார். அந்நாட்டு வீடுகளில் மின்னழுத்தம் 120 வோல்ட்டு. நம் நாட்டில் 230. பௌதிக ஆசிரியனாகிய எனக்கு இது தெரியாதா? சேலத்தில் மின்மாற்றி ஒன்று வாங்கி, அழுத்தத்தைக் குறைத்தே இணைத்தேன். இரவு 8 மணிக்கு நேரத்தையும் சரிப்படுத்திவிட்டுப் பெருமிதத்தோடு உறங்கினேன்.

மறுநாள் அரையாண்டுத் தேர்வு. என் கைக்கடிகாரம் பழுதுபார்க்கப் போயிருந்தது; வெளியே மூடுபனி. புதுக் கடிகாரம் 8 மணி காட்டியபோது புறப்பட்டேன். உண்மையில் அப்போது 10 மணி கடந்து 24 நிமிடம். வினாத்தாள் அலமாரியின் சாவியோ என் சட்டைப்பையில்! தலைமையாசிரியர் கடிந்துகொண்டதைவிட, தாளின்றிக் காத்திருந்த பிள்ளைகளின் முகங்களே என்னை வருத்தின.

பிழை எங்கே? அவ்வகைக் கடிகாரம் மின்னோட்டத்தின் அதிர்வுகளை எண்ணியே ஓடுகிறது. அமெரிக்காவில் நொடிக்கு 60 அதிர்வுகள், இங்கே 50. ஆகவே மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கியது. மின்மாற்றி அழுத்தத்தை மாற்றும்; அதிர்வெண்ணை மாற்றாது.

இவ்வேற்றுமை இயற்கை விதித்ததன்று, வரலாறு விட்டுச்சென்றது. 1882-இல் எடிசன் நியூயார்க்கில் நேர்மின்னோட்டம் வழங்கத் தொடங்கினார். பின்னர் மாறுமின்னோட்டம் வென்றபோது, அமெரிக்கர் 60 அதிர்வுகளையும் ஜெர்மானியர் 50-ஐயும் கைக்கொண்டனர். ஜப்பானில் டோக்கியோ நகரம் ஜெர்மானிய இயந்திரங்களை வாங்கிற்று. ஒசாகா அமெரிக்க இயந்திரங்களை வாங்கிற்று. அதனால் இன்றும் அந்நாட்டின் கிழக்கே 50, மேற்கே 60. நம் நாட்டிலோ பிரிட்டனைப் போலவே 50 நிலைத்தது. எங்கள் மலைக்கு மேற்கே, 1937-இல் இயங்கத் தொடங்கிய மேட்டூர் மின்நிலையம் தருவதும் அம்மின்சாரமே.

சுவரிலுள்ள மூன்று வட்டத் துளைகளும் பழைய பிரிட்டிஷ் முறையே. 1947-க்குப் பின் பிரிட்டன் தட்டைமுனைச் செருகிக்கு மாறிவிட்டது. சிங்கப்பூரும் மலேசியாவும் அதனைப் பின்பற்றின. நாம் பழையதையே வைத்துக்கொண்டோம்.

மாணவர்களே! இன்று நீங்கள் கைப்பேசியுடன் கடல்கடந்து கல்வி கற்கச் செல்கிறீர்கள். அதன் மின்னேற்றியில் "100–240 வோல்ட்டு, 50/60 ஹெர்ட்சு" என்று பொறித்திருந்தால் அச்சம் வேண்டா. அது எந்த மாறுமின்னோட்டத்தையும் நேர்மின்னோட்டமாக்கிக்கொள்ளும்; துளைக்கேற்ற இணைப்பி ஒன்றே போதும். ஆனால் 120 வோல்ட்டுக்கென்றே செய்த தலைமுடி உலர்த்தியை இங்கே செருகினால், அது மூன்றரை மடங்குக்கு மேற்பட்ட திறனை இழுத்துக் கருகிவிடும். இணைப்பி துளையைப் பொருத்துமேயன்றி அழுத்தத்தைக் குறைக்காது.

ஆதலால் செருகுமுன் பொறித்திருப்பதைப் படியுங்கள். ஓர் எண்ணை மட்டுமன்று, இரண்டையும் படியுங்கள். ஒன்றை மட்டும் படித்த ஆசிரியன் ஒருவனுக்காகத்தான் அன்று ஒரு வகுப்பே காத்திருந்தது.