மாத்திரை போடுறது ஈஸி... மறைக்கிறதுதான் கஷ்டம்! எச்.ஐ.வி சிகிச்சையின் முதல் ஆறு மாதங்களைக் கடப்பது எப்படி?

ஒரு காட்சியை மனசுல ஓட்டிப் பாருங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் 26 வயது இளைஞர். ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்த சில நாள்களில் ஒரு போன் வருகிறது. “தம்பி, ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போங்க.” போகிறார். மறுபடியும் பரிசோதனைகள். முடிவு, எச்.ஐ.வி பாசிட்டிவ்.

உள்ளூர் ஜி.ஹெச்-சில் சித்தி நர்ஸாக இருப்பதால், பக்கத்து மாவட்டத்துக்குப் போய் மாத்திரை வாங்குகிறார். திரும்பி வரும் பஸ்ஸில், டப்பாவில் ஒட்டியிருக்கும் லேபிளை நகத்தால் சுரண்டி எடுக்கிறார். வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. அம்மா அலமாரியைத் தினமும் ஒழுங்குபடுத்துவார். டப்பா, பைக் சீட்டுக்கு அடியில் போகிறது. வீட்டிலோ, பொண்ணு பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்த இளைஞர் கற்பனைப் பாத்திரம். பயம் மட்டும் நிஜம். “செத்துடுவேனா?” என்ற பயத்தை டாக்டர் பத்து நிமிடத்தில் தெளிய வைத்துவிடலாம். “யாருக்காவது தெரிஞ்சுட்டா?” என்ற பயம் அப்படிப் போகாது. நம் ஊரில் பலர் மாத்திரையைப் பாதியில் விடுவதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டே சிகிச்சையை எப்படித் தொடர்வது? பார்க்கலாம்.

உங்க பயத்துக்கு வயசு நாற்பது!

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி தொற்றுகள் 1986-ல் சென்னையில்தான் கண்டறியப்பட்டன. கண்டறிந்தவர்கள், நுண்ணுயிரியல் நிபுணரான டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த நிர்மலாவும். அன்று மருந்து கிடையாது. போஸ்டர்களில் மண்டை ஓடு, சினிமாவில் எலும்பும் தோலுமாக ஒரு கேரக்டர். நம் அப்பா, அம்மா தலைமுறையின் மனதில் பதிந்த படம் அதுதான். அதைத்தான் நாமும் சுமந்துகொண்டிருக்கிறோம்.

2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் இலவச ஏ.ஆர்.டி, அதாவது கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியது. முதலில் தொடங்கிய சில மையங்களில் நம்ம தாம்பரம் சானட்டோரியமும் ஒன்று. ஆரம்ப ஆண்டுகளில், நோய் எதிர்ப்பாற்றலைக் காட்டும் சிடி4 எண்ணிக்கை குறைந்தவர்களுக்குத்தான் மருந்து. 2017 முதல், அந்த எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் பாசிட்டிவ் என்று தெரிந்ததுமே சிகிச்சை. இன்று பெரும்பாலானவர்களுக்கு மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை, ஒரு நாளைக்கு ஒரு முறை. சீக்கிரம் ஆரம்பித்து, விடாமல் சாப்பிடுபவர் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழ முடியும்.

ஆக, மருத்துவம் எங்கேயோ போய்விட்டது. ஊர் பேச்சுதான் இன்னும் 1986-லேயே நிற்கிறது.

முதல் சில வாரங்கள்... மனசு என்ன செய்யும்?

சிலர் அழுவார்கள். சிலருக்கு அழுகையே வராது, எல்லாம் வேறு யாருக்கோ நடப்பது மாதிரி இருக்கும். கோபம், “எனக்கு ஏன்?” என்ற கேள்வி, ராத்திரி இரண்டு மணிக்கு கூகுள் தேடல்... இவை எல்லாமே இயல்பானவை. பெரிய இழப்பைச் சந்திக்கிற எந்த மனதும் இப்படித்தான் நடந்துகொள்ளும். உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை.

இதோடு உடம்பும் கொஞ்சம் படுத்தும். முதல் இரண்டு, மூன்று வாரங்களில் குமட்டல், தலைவலி, தூக்கமின்மை வரலாம். பலருக்கு இவை தானாகவே அடங்கிவிடும். பிரச்னை என்னவென்றால், தூக்கம் கெட்டால் மனசும் சேர்ந்து கெடும். “மாத்திரை எனக்கு ஒத்துக்கலை, முடிஞ்சுது என் கதை” என்று தோன்றும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மையத்துக்குப் போன் செய்து சொல்லுங்கள். சில நேரம், இரவில் போடும் மாத்திரையைக் காலைக்கு மாற்றச் சொன்னாலே தூக்கம் சரியாகிவிடும்.

இந்த நாள்களில் மூன்று விஷயங்கள் உதவும். ஒன்று, இரவு பத்து மணிக்கு மேல் கூகுள் வேண்டாம். கேள்விகளை ஒரு பேப்பரில் எழுதிவைத்து, அடுத்த விசிட்டில் டாக்டரிடமோ கவுன்சலரிடமோ கேளுங்கள். இரண்டு, வேலையை விடுவது, நிச்சயதார்த்தத்துக்குத் தலையாட்டுவது மாதிரியான பெரிய முடிவுகளைத் தள்ளிப்போடுங்கள். மூன்று, குடியில் மறக்க முயற்சிக்காதீர்கள். குடித்த இரவுகளில்தான் மாத்திரையும் மறந்துபோகும், மனசும் இருட்டிப்போகும்.

“தப்பு பண்ணிட்டேன், அனுபவிக்கிறேன்!”

கவுன்சலிங் அறையில் உட்காரும் பலருடைய மனதில் இந்த வாக்கியம் ஓடும். நம் ஊரில் இந்த நோயைக் கேட்டதும் முதல் கேள்வி “எப்படி வந்துச்சு?” என்பதுதான். அதற்குள் ஒரு தீர்ப்பும் இருக்கும். கணவரிடமிருந்து தொற்று வந்த மனைவியையும், பிறக்கும்போதே தொற்றோடு பிறந்த பிள்ளையையும்கூட அந்தக் கேள்வி விடுவதில்லை.

சர்க்கரைநோய் வந்தவரிடம் “எத்தனை ஜிலேபி சாப்பிட்டே?” என்று விசாரித்துவிட்டா இன்சுலின் கொடுக்கிறோம்? உங்களுக்குத் தொற்று வந்த வழி எதுவாக இருந்தாலும் மருந்து ஒன்றுதான், உரிமையும் ஒன்றுதான். எப்படி வந்தது என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்குக் கிடையாது. குற்ற உணர்ச்சி விடாமல் குத்தினால், அதைக் கவுன்சலரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் இதைக் கேட்பது முதல் தடவையாக இருக்காது.

யார்கிட்ட சொல்றது?

எல்லோரிடமும் சொல்லணும்னு அவசியமே இல்லை. எச்.ஐ.வி மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தச் சட்டப்படி, நீதிமன்ற உத்தரவு மாதிரியான சில சூழல்களைத் தவிர, உங்கள் நிலையைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. எச்.ஐ.வி இருப்பதை வைத்து வேலை, படிப்பு, சிகிச்சை, வாடகை வீடு ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதையும் சட்டம் தடை செய்கிறது.

ஆனாலும், ஒரே ஒருவரிடமாவது சொல்லிவிடுவது நல்லது. முழு ரகசியத்தையும் தனியாகச் சுமப்பவர்களுக்கு, சோர்ந்துபோகும் நாளில் “மாத்திரை போட்டியா?” என்று கேட்க ஆளிருக்காது.

அந்த ஒருவரை எப்படித் தேர்ந்தெடுப்பது? பாசமானவரா என்பதைவிட, வாயைக் கட்டக்கூடியவரா என்று பாருங்கள். நம் வீடுகளில் பாசம் அதிகமுள்ளவர்தான் பதறிப்போய் நாலு பேரிடம் சொல்லி அழுவார். இதற்கு முன் உங்கள் ரகசியம் ஏதாவது அவரிடம் தங்கியிருக்கிறதா? பேப்பரில் எச்.ஐ.வி பற்றிச் செய்தி வரும்போது என்ன பேசுகிறார்? பேச்சோடு பேச்சாக விட்டுப்பார்த்தால் தெரிந்துவிடும். சொல்லும் நாளில் சண்டைக்கு நடுவிலோ, போதையிலோ சொல்ல வேண்டாம். “இதுக்கு மருந்து இருக்கு, நான் சாப்பிட ஆரம்பிச்சுட்டேன்” என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். கேட்பவரின் பயமும் பாதியாகக் குறையும்.

கணவன், மனைவி அல்லது துணை என்றால் கணக்கு வேறு. அவருடைய உடல்நலமும் இதில் இருக்கிறது. தொற்று பரவாமல் முன்னெச்சரிக்கையாக இருக்கும் கடமையைச் சட்டமும் சொல்கிறது. தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால், துணையைக் கவுன்சலர் முன்னால் உட்கார வைத்துச் சொல்லலாம். அப்போதே அவருக்கும் பரிசோதனை செய்துவிடலாம். அடி, உதை, வீட்டை விட்டுத் துரத்துவது என்ற ஆபத்து இருக்கும் பெண்கள், முதலில் கவுன்சலரிடம் பேசி, பாதுகாப்பை உறுதி செய்துகொண்டு அடுத்த அடி எடுத்து வைப்பதே சரி.

வீட்டில் யாரிடமும் சொல்ல முடியவில்லையா? அதே நிலையில் இருப்பவர்களின் அமைப்புகள் நிறைய இருக்கின்றன. நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா உள்ளிட்ட பெண்கள் 1998-ல் சென்னையில் தொடங்கிய பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் அப்படி உருவானதுதான். உங்கள் மாவட்டத்தில் எந்த அமைப்பு இருக்கிறது என்பதை ஏ.ஆர்.டி மையத்திலேயே சொல்வார்கள்.

மறைங்க, தப்பில்லை... ஆனா மாத்திரையை விடாதீங்க!

மறைப்பது உங்கள் உரிமை. ஆனால், மறைப்பதற்காக ஒரு வேளையைத் தாண்டிப்போனால், அதற்கான விலையை உடம்பு கொடுக்கும். அடிக்கடி விட்டுவிட்டுச் சாப்பிட்டால் வைரஸ் அந்த மருந்துக்கே பழகிவிடும். அப்புறம் வேறு மருந்துக்கு மாற வேண்டியிருக்கும். எனவே, கொஞ்சம் திட்டமிடுங்கள்.

* பைக் சீட்டுக்கு அடியில் டப்பா வேண்டாம். வெயிலில் மருந்து வீணாகும். ஆபீஸ் பையில், ஈரம் படாத சின்ன மாத்திரைப் பெட்டியில் ஒரு வாரத்துக்கானதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மீதி டப்பாவை, விஷயம் தெரிந்த அந்த ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம்.

* வீட்டில் எல்லோரும் கூடும் நேரத்தைத் தவிர்த்து, உங்களுக்குத் தனிமை கிடைக்கும் நேரத்தை டாக்டரிடம் சொல்லி முடிவு செய்யுங்கள். மொபைல் அலாரத்துக்கு ‘தண்ணி குடி’ என்று பெயர் வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

* கல்யாண வீடு, கோயில் பயணம், தீபாவளிக்கு ஊருக்குப் போவது... இங்கேதான் பலருக்கு மாத்திரை விட்டுப்போகும். கிளம்பும் முன் நாள்களை எண்ணி, கூடவே இரண்டு, மூன்று மாத்திரைகள் எடுத்துக்கொள்ளுங்கள். விரதம் இருப்பவர்கள், வெறும் வயிற்றில் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். இப்போதைய மாத்திரைக்குப் பெரும்பாலும் சாப்பாட்டுக் கட்டுப்பாடு கிடையாது.

* ஒரு வேளை மறந்துவிட்டால், ஞாபகம் வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

* அல்சர் மருந்து, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். சிலவற்றுக்கு நேர இடைவெளி விட வேண்டும். “மூணே மாசத்துல நெகட்டிவ் ஆக்குறோம்” என்று யாராவது சூரணம் விற்றால் ஓடி வந்துவிடுங்கள்.

* வேலை நிமித்தம் ஊர் மாறினால், அங்குள்ள மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சிகிச்சை சீரானதும் சில மாதங்களுக்கான மாத்திரைகளை மொத்தமாகவும் தருவார்கள். மாதாமாதம் லீவுக்குக் காரணம் தேடவேண்டியதில்லை.

ஆறாவது மாதம் ஒரு ரிசல்ட் வரும்

சிகிச்சை தொடங்கி ஆறு மாதத்தில் வைரல் லோடு பரிசோதனை செய்வார்கள். ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று பார்ப்பது இது. விடாமல் மாத்திரை சாப்பிட்ட பெரும்பாலானவர்களுக்கு, அதற்குள் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்திருக்கும். உடம்பில் வைரஸ் ஒளிந்திருக்கும், எனவே மாத்திரை தொடர வேண்டும். ஆனால், அந்த நிலை நீடிக்கும்வரை தாம்பத்ய உறவின் மூலம் துணைக்குத் தொற்று பரவாது. பெரிய அளவிலான ஆய்வுகள் இதை உறுதி செய்திருக்கின்றன.

“நான் தொட்டா ஒட்டிக்குமா?” என்று தன் கையைத் தானே பார்த்துப் பயந்தவருக்கு, இந்த ரிசல்ட் கொடுக்கும் தைரியம் சாதாரணமானதல்ல. குழந்தை ஆசையும் கைவிட வேண்டியதில்லை. தாய் முறையாகச் சிகிச்சை எடுத்தால், குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. 2015-ல் காலமான டாக்டர் சுனிதி சாலமன், கடைசிக் காலத்தில் எச்.ஐ.வி உள்ளவர்களுக்கு வரன் பார்த்துக் கல்யாணம் செய்துவைக்கும் வேலையையும் செய்தார். அது பற்றி ‘லவ்சிக்’ என்ற ஆவணப்படமே வந்திருக்கிறது. முதல் தொற்றைக் கண்டுபிடித்தவரே ஜாதகமும் கையுமாக உட்கார்ந்தார் என்றால், வாழ்க்கை அங்கே முடிந்துவிடவில்லை என்றுதானே அர்த்தம்?

எப்போ உடனே உதவி கேட்கணும்?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வேலை எதுவுமே ஓடவில்லை என்றால், வேண்டுமென்றே மாத்திரையைத் தவிர்க்கத் தோன்றினால், உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காதீர்கள். மனநல உதவிக்கு 14416 என்ற டெலிமனஸ் எண்ணை 24 மணி நேரமும் தமிழிலேயே அழைக்கலாம். எச்.ஐ.வி சந்தேகங்களுக்கு 1097 இலவச எண். பெயர் சொல்லாமலேயே பேசலாம்.

இதைப் படிக்கும் உங்களிடம் நாளைக்கு ஒரு நண்பர் வந்து, “மச்சான், ஒரு விஷயம் சொல்லணும்” என்று ஆரம்பிக்கலாம். “எப்படி வந்துச்சு?” என்று கேட்காதீர்கள். “மாத்திரை போடுறியா? அடுத்த செக்கப்புக்கு நானும் வரவா?” என்று கேளுங்கள். வழக்கமாகக் குடிக்கும் கடையில், அதே டம்ளரில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். பைக் சீட்டுக்கு அடியில் இருக்கும் அந்த டப்பா, பத்திரமான ஓர் இடத்துக்கு வர அது போதும்.