இடதுசாரி அரசியல்: கிள்ளான் தோட்டங்கள் சொல்லும் பாடம்

'இடதுசாரி' என்றதும் நம்மில் பலருக்குக் காடும் துப்பாக்கியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்தச் சொல் பிறந்த இடம் காடு அல்ல, ஒரு சபை. 1789-இல் பிரெஞ்சு தேசிய சபையில், மன்னரின் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்றவர்கள் தலைவருக்கு இடப்பக்கம் அமர்ந்தார்கள். பிறப்பாலும் பணத்தாலும் ஒருவன் இன்னொருவனுக்கு மேல் என்பதை ஏற்க மறுப்பதே இதன் அடிப்படை.

நம் மண்ணில் இதற்குச் சான்று, 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம். ஆர்.எச்.நாதன் போன்றோர் முன்னின்றார்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, முறையான மருத்துவம், கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் அத்துமீறுவதற்கு முடிவு ஆகியவற்றைக் கேட்டார்கள். இன்னொன்றும் கேட்டார்கள்: வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்! கூலி கேட்டது வயிற்றுக்காக, இது மானத்துக்காக. அந்த மே மாதம் நாதன் கைதாகி, பின்னர் நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

போருக்குப் பிறகு மூன்று போக்குகள் தெளிவாயின. முதலாவது புரட்சி வழி. 1948-இல் மலாயாப் பொதுவுடைமைக் கட்சி ஆயுதப் போரில் இறங்கியது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ.கணபதி, துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 4.5.1949-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இரண்டாவது பேச்சுவார்த்தை வழி. 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் அதன் பொதுச்செயலாளர் பி.பி.நாராயணனும் இதில் நின்றார்கள். மூன்றாவது வாக்குப்பெட்டி வழி. 1959 பொதுத்தேர்தலில் சோசலிச முன்னணி 8 நாடாளுமன்றத் தொகுதிகளை வென்றது. பங்சாரில் தொழிற்கட்சியின் வி.டேவிட் வெற்றி பெற்றார்.

இம்மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி 'கம்யூனிஸ்டு' என்று முத்திரை குத்தியதுதான் நம் பெரிய தவறு. ஆயுதப் பாதை 1989 ஹாட்யாய் உடன்படிக்கையோடு முடிந்துவிட்டது. அச்சம் மட்டும் முடியவில்லை. 1998-இல் தொடங்கப்பட்ட மலேசிய சோசலிசக் கட்சி, பதிவு பெற 2008 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த அச்சத்தில், 1941-இல் மானம் கேட்டவர்களையும் சேர்த்தே மறந்துவிட்டோம்.

துரைக்கு முன் இறங்க மாட்டோம் என்ற பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் நாம். இன்று பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தில் தட்டுக் கழுவும் வெளிநாட்டுத் தொழிலாளியிடம் நாமே துரையாகிவிடுகிறோமா? நாம் எந்தப் பக்கம் என்பதை இந்தக் கேள்விதான் சொல்லும். சிந்திப்போம்.