காப்பு போனது, பிளேடு நின்றது

சவூதியின் தம்மாம் நகரில், சீக்கோ பகுதியில் முடிதிருத்தும் கடை தேடுபவர் பலகையில் ‘ஹிலாக்கா’ என்ற சொல்லை அடையாளம் கண்டுகொண்டால் போதும். மழிப்பது ஹிலாக்கா, மழிப்பவர் ஹல்லாக். சவரக்கத்திக்கு ஏட்டு அரபியில் மூஸா, பேச்சில் மூஸ். நபி மூஸாவின் பெயரையும் அதே எழுத்துகளில்தான் எழுதுவார்கள். அது வேறு சொல். பக்காலாவில், அதாவது மளிகைக்கடையில், மெல்லிய பிளேடு கேட்கும் சவூதிக்காரர் ‘அம்வாஸ்’ என்பார். மூஸின் பன்மை அது. கத்தி சுருங்கித் தகடானபோதும் அரபி பழைய பெயரை விடவில்லை. தமிழ் விட்டுவிட்டது.

நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. மழித்தல் திருக்குறளிலேயே உண்டு, கூடாவொழுக்கம் அதிகாரத்தில். சிரைத்தலும் நல்ல தமிழ்தான். அந்தத் தொழிலைக் கீழாகப் பார்த்த ஊர், ‘செரைக்கிறது’ என்பதை வசவாக்கிக் கெடுத்தது. சவரம் வடமொழி க்ஷௌரத்திலிருந்து வந்தது. அங்கே கத்திக்குப் பெயர் க்ஷுரம். கிரேக்கத்தின் க்சுரோன் அதற்கு உறவு. இவையெல்லாம் நாவிதர் அடைப்பத்திலிருந்து எடுத்துத் தோல்வாரில் தீட்டிய நீளக்கத்தியின் காலத்துச் சொற்கள்.

அந்தக் கத்தியை ஆளாளுக்குக் கையில் எடுக்க முடியாது. கை சற்றே சாய்ந்தாலும் கன்னம் கிழியும். 1760களில் பாரிஸ் கத்திக்கொல்லர் ழான் ழாக் பெரே, தச்சரின் இழைப்புளியைப் பார்த்து ஒரு வழி கண்டார்: கூர்முனை கொஞ்சம் மட்டும் வெளியே தெரியும்படி கத்திக்கு மரக்காப்பு. 1880இல் நியூயார்க்கின் காம்ப்ஃபே சகோதரர்கள் மண்வெட்டிபோல் தலை குறுக்காக நிற்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார்கள். ‘சேஃப்டி ரேசர்’ என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது அவர்களால்தான். ஆனால் உள்ளே இருந்தது கனத்த பழைய கத்தியின் துண்டு. அதைக் கழற்றித் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

பாட்டில் மூடி விற்கும் நிறுவனத்தில் வேலை பார்த்த கிங் கேம்ப் ஜில்லெட், தீட்டும் வேலையையே ஒழித்தார். ஒருமுறை பயன்படுத்தி வீசிவிடும் பொருள் மறுபடி மறுபடி விற்கும் என்பதை அந்த மூடிதான் அவருக்குக் காட்டியது. மெல்லிய எஃகுத் தகட்டுக்குக் கூர் ஏற்ற முடியாது என்றார்கள் உலோக நிபுணர்கள்; வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் ஏற்றிக் காட்டினார். மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று மூன்றே பாகம். கைப்பிடியைத் திருகினால் தகடு வளைந்து விறைக்கும். அடித்தட்டின் விளிம்பு தோலைத் தாங்கும். காப்புரிமை 1904இல் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, விற்பனையின் முதல் ஆண்டில், போனது 51 ரேசரும் 168 பிளேடுகளும்தான்.

இந்தக் கருவி நம் வீட்டுக்கு வந்தபோது ‘சேஃப்டி’யை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கருவி ‘ஷேவிங் செட்’ ஆனது. மாதாமாதம் காசு கொடுத்து வாங்கிய பிளேடுதான் நாக்கில் ஒட்டியது. பென்சில் சீவ, நகம் வெட்ட, தையல் பிரிக்க எல்லாவற்றுக்கும் அதுவே. பேருந்தில் பை அறுப்பவனுக்கு ‘பிளேடு பக்கிரி’ என்று பட்டம் கிடைத்தது. கேட்பவனைப் பேசியே கொல்பவன் ‘பிளேடு போடுபவன்’ ஆனான். அவன் பேச்சுக்கு ‘அறுவை’ என்றும் பெயர்.

முடிதிருத்துநர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். இரட்டை முனை பிளேடை உறையோடு பிடித்து நடுவே மடித்து உடைக்கிறார்கள். ஒரு பாதியை நீளக்கத்தி வடிவில் இருக்கும் மடக்குப் பிடியில் செருகுகிறார்கள். தம்மாமிலும் இதுதான், திருச்சியிலும் இதுதான். பெரேயும் காம்ப்ஃபேக்களும் பாடுபட்டுச் சேர்த்த காப்பு அதில் கிடையாது. ஜில்லெட்டின் தகடு மட்டும், அதுவும் பாதி.

காப்பில்லாத பிளேடு கீறினால் அதில் ரத்தம் ஒட்டும். அதனால் இன்று பாதுகாப்பு என்றால் காயத்திலிருந்து அல்ல, நோயிலிருந்து. எச்ஐவி பற்றிய விழிப்புணர்வுப் பிரசாரம் வந்த பிறகுதான் “அண்ணே, புது பிளேடு போடுங்க” என்று நம் ஊர்க் கடைகளில் வாய்விட்டுக் கேட்கத் தொடங்கினோம். ஹெப்படைட்டிஸ் பி, சி கிருமிகளும் ரத்தம் பட்ட பிளேடு வழியே பரவக்கூடியவை. ஹஜ்ஜில் லட்சக்கணக்கானோர் ஒரே சமயத்தில் தலை மழித்துக்கொள்வதால், ஒருவருக்குப் போட்ட பிளேடை அடுத்தவருக்குப் போடக்கூடாது என்று அங்கே வலியுறுத்துகிறார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் உறையை உங்கள் கண்முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். மொழி தெரியாவிட்டால் ‘மூஸ் ஜதீத்’ என்றால் போதும். புதுப் பிளேடு வந்துவிடும்.