ராஜ வீதி

பாஸ்டன் நகரத்தின் பழைய வரைபடம் ஏதாவது கிடைத்தால் பாருங்கள். நகரசபை மாளிகையின் வாசலில் புறப்பட்டு நேரே கடலைப் பார்த்து ஒரு தெரு இறங்கும். அது முடியும் இடத்தில், கடலுக்குள் கை நீட்டியதுபோல் ஒரு கப்பல்துறை. அதற்கு லாங் வார்ஃப் என்று பெயர். தெருவின் பெயர் கிங் ஸ்ட்ரீட். நம் ஊர்களில் ராஜ வீதி என்கிறோமே, அதேதான். சாவகாசமாக நடந்தாலும் பத்து நிமிடத்தில் தெரு முடிந்துவிடும். அமெரிக்க விடுதலைக் கிளர்ச்சியிலிருந்து உள்நாட்டுப் போர் வரைக்குமான தொண்ணூறு சொச்சம் ஆண்டுகளையும் இந்தப் பத்து நிமிட நடைக்குள் சொல்லிவிடலாம் என்று எனக்கு ஒரு எண்ணம்.

1768 அக்டோபர் 1. லாங் வார்ஃபில் இறங்கிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் கொட்டு முழக்கத்தோடு இந்தத் தெருவில் ஏறி வந்தார்கள். யாரோடும் போர் இல்லை. சொந்தக் குடிமக்களை அடக்கத்தான் வந்தார்கள். ஏழாண்டுப் போரில் பிரான்சை வென்ற பிரிட்டனுக்கு 1763இல் வெற்றியோடு மலைபோல் கடனும் மிஞ்சியது. அதில் ஒரு பங்கை அமெரிக்கக் குடியேற்றங்களின் தலையில் வைக்கலாம் என்று 1765இல் முத்திரைத்தாள் வரி போட்டார்கள். செய்தித்தாளுக்கு வரி, வழக்குப் பத்திரத்துக்கு வரி, சீட்டுக்கட்டுக்குக்கூட வரி. ஊரே திரண்டதும் மறுவருடம் அதைக் கைவிட்டார்கள். 1767இல் கண்ணாடி, காகிதம், சாயம், ஈயம், தேயிலை என்று வேறு வாசல் வழியாக வந்தார்கள். வசூலிக்கப் போன சுங்க அதிகாரிகளுக்கு அடி விழுந்தது. படை வந்தது.

பதினாறாயிரம் பேர்கூட இல்லாத ஊர் அது. திரும்பிய பக்கமெல்லாம் சிவப்புச் சட்டை தெரிந்தால் எப்படி இருக்கும்? அதோடு, வரலாற்றுப் புத்தகங்கள் ஓரமாகச் சொல்லிவிட்டுப் போகிற ஒரு விஷயம் உண்டு. சிப்பாய்க்குச் சம்பளம் சொற்பம். ஓய்வு நேரத்தில் அவன் கூலி வேலைக்குப் போனான். உள்ளூர்த் தொழிலாளியைவிடக் குறைந்த கூலிக்கு. வயிற்றில் அடித்த இந்தக் கோபம்தான் வரியைவிட வேகமாகப் பற்றியது. 1770 மார்ச் 2 அன்று கயிறு திரிக்கும் பட்டறை ஒன்றில் வேலை கேட்டு வந்த சிப்பாயை, போய்க் கக்கூஸைக் கழுவு என்றார்கள். தடியடி வரைக்கும் போனது. மூன்றே நாள் கழித்து ராஜ வீதியில் துப்பாக்கி வெடித்தது.

மார்ச் 5, இரவு. தரையெல்லாம் பனி. சுங்க அலுவலக வாசலில் ஹ்யூ வைட் என்ற சிப்பாய் ஒற்றை ஆளாகக் காவல் நின்றான். அந்த வழியே போன ராணுவ அதிகாரி ஒருவரைப் பார்த்து, டோப்பா செய்பவரிடம் வேலை பழகிய ஒரு பையன், எங்கள் முதலாளிக்குப் பாக்கி வைத்துவிட்டுப் போகிறார் என்று கத்தினான். அந்த அதிகாரி பாக்கியை ஏற்கெனவே தீர்த்துவிட்டிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. வைட் துப்பாக்கிக் கட்டையால் பையனை ஒரு அடி அடித்தான். கூட்டம் கூடியது. தேவாலய மணிகள் அடிக்கவே, எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து வாளியோடு ஓடிவந்தவர்களும் உண்டு. ஆங்கிலத்தில் தீக்கும் ‘சுடு’ என்பதற்கும் ஒரே சொல். அன்று இரவு தெரு முழுக்க அந்தச் சொல்தான்!

வைட்டை மீட்க கேப்டன் தாமஸ் பிரஸ்டன் ஏழு பேரோடு வந்தார். பனிக்கட்டி, சிப்பி ஓடு, விறகுக் கட்டை எல்லாம் பறந்தன. மான்ட்கோமரி என்ற சிப்பாய் அடிபட்டு விழுந்தான், எழுந்தவன் சுட்டான். கொஞ்சம் இடைவெளி விட்டு மற்றவர்களும் சுட்டார்கள். மொத்தம் ஐந்து பேர் செத்தார்கள்.

முதலில் விழுந்தவர் கிறிஸ்பஸ் அட்டக்ஸ். நெஞ்சில் இரண்டு குண்டு. கப்பல் தொழிலாளி, ஆப்பிரிக்க ரத்தமும் அமெரிக்கப் பூர்வகுடி ரத்தமும் கலந்தவர். இருபது ஆண்டுகளுக்கு முன்பு, 1750 அக்டோபரில், பாஸ்டன் கெஜட் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்திருந்தது. ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் ஓர் எஜமானரிடமிருந்து கிறிஸ்பஸ் என்ற அடிமை ஓடிவிட்டான், வயது 27, உயரம் ஆறடி இரண்டு அங்குலம், சுருட்டை முடி, தோல் கால்சட்டை, நீலக் காலுறை, பிடித்துக் கொடுத்தால் பத்து பவுண்டு. அந்த ஆள்தான் இவர் என்று வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அப்படியென்றால், அமெரிக்க விடுதலைக்கு முதல் பலியென்று போற்றப்படுகிற மனிதர், அமெரிக்கர் ஒருவரின் வீட்டிலிருந்து விடுதலை தேடி ஓடியவர்.

பால் ரிவியர் என்ற வெள்ளி ஆசாரி இந்தச் சம்பவத்தைச் செதுக்கி, அச்சடித்து விற்றார். மூலப்படம் ஹென்றி பெல்ஹம் என்ற இளைஞருடையது. சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டார் என்று பெல்ஹம் கொதித்துக் கடிதம் எழுதினார். ரிவியரின் படத்தில் சிப்பாய்கள் வரிசையாக நின்று, அதிகாரி வாளை ஓங்கி உத்தரவிட, ஒரே நேரத்தில் சுடுகிறார்கள். இரவில் நடந்த சம்பவத்துக்கு நீல வானம். கீழே சாதுவாக ஒரு நாய்க்குட்டி. நாய்க்குட்டிக்கு இடம் கொடுத்தவர், அட்டக்ஸின் நிறத்துக்கு இடம் கொடுக்கவில்லை. படத்தில் இருப்பவர்கள் அத்தனை பேரும் வெள்ளையர்.

வழக்கில் சிப்பாய்களுக்காக வாதாட முன்வந்தவர்களில் ஒருவர் ஜான் ஆடம்ஸ். பின்னாளில் நாட்டின் இரண்டாவது ஜனாதிபதி ஆனவர். இளம் வக்கீல் ஜோசையா குவின்சி அவருக்குத் துணை. அரசுத் தரப்பில் நின்றவர் ஜோசையாவின் சொந்த அண்ணன் சாமுவேல் குவின்சி! பிரஸ்டன் விடுதலையானார். எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலை. இருவருக்குக் கட்டைவிரலில் சூடு. எதிரிக்கும் நியாயமான விசாரணை கிடைத்தது என்று ஆடம்ஸை எல்லோரும் புகழ்கிறார்கள். புகழலாம்தான். ஆனால் அவருடைய வாதத்தில் ஒரு பகுதி எனக்கு நெருடுகிறது. கூடியிருந்தவர்கள் ஊர்க்காரர்களே அல்ல, பொடிப் பையன்களும் கறுப்பர்களும் ஐரிஷ்காரர்களும் கப்பலாட்களும் சேர்ந்த கலப்படக் கும்பல் என்றார். அட்டக்ஸின் தோற்றமே எவரையும் அச்சுறுத்தும் என்றார். செத்தவர் நிறத்தைக் காட்டிச் சுட்டவர்களை மீட்கும் வாதம் அங்கே அப்போதே இருந்திருக்கிறது.

அதே மார்ச் 5ஆம் தேதி, லண்டனில் பிரதமர் நார்த் பிரபு, தேயிலையைத் தவிர மற்ற வரிகளை நீக்கப் பாராளுமன்றத்தில் முன்மொழிந்தார். அட்லாண்டிக்கைச் செய்தி கடக்க வாரக்கணக்கில் ஆகும் காலம். விட்டுவைத்த தேயிலைதான் 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் கடலில் 342 பெட்டிகளாகக் கரைந்தது. சரக்குக்குச் சொந்தக்காரர், சென்னைக் கோட்டையில் கொடியேற்றி உட்கார்ந்திருந்த அதே கும்பினிதான்.

பிறகு நடந்தது வாசகர்களுக்குத் தெரியும். 1776 ஜூலை 18 அன்று ராஜ வீதியைப் பார்த்த நகரசபை மாளிகை மாடத்தில் நின்று சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தார்கள். ராஜச் சின்னங்களைக் கழற்றித் தீயிலிட்டார்கள். 1784இல் தெருவின் பெயர் ஸ்டேட் ஸ்ட்ரீட் ஆனது. மாசசூசெட்ஸில் அடிமைகள் போட்ட வழக்குகளால் 1783க்குள் அடிமைமுறை நீதிமன்றத்திலேயே உயிரை விட்டது. ஆனால் 1787இல் எழுதிய அரசியல் சாசனத்தில், அடிமை என்ற சொல்லையே உச்சரிக்காமல், ஓடிப்போனவரை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு ஷரத்தைச் செருகினார்கள். தெற்கே பருத்தி செழித்தது. 1790இல் ஏழு லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் நாற்பது லட்சத்தை நெருங்கினார்கள்.

1850இல் அந்த ஷரத்துக்குப் பல் முளைத்தது. புதிய சட்டத்தின்படி, பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது, ஜூரி கிடையாது. விசாரிக்கும் கமிஷனருக்குக் கூலி எப்படித் தெரியுமா? விடுவித்தால் ஐந்து டாலர், அடிமை என்று தீர்ப்பளித்தால் பத்து டாலர். எழுத்து வேலை அதிகம் என்று காரணம் சொன்னார்கள்.

ஆண்டனி பர்ன்ஸ் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். வயது இருபது. கன்னத்தில் தழும்பு, ஆலை இயந்திரத்தில் நசுங்கி எலும்பு புடைத்து நின்ற வலது கை. எழுதப் படிக்கக் கற்றிருந்தார், அதுவே வினையானது. 1854 தொடக்கத்தில் ரிச்மண்டிலிருந்து கப்பலில் ஒளிந்து பாஸ்டன் வந்து, துணிக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர், ஊரில் இருந்த அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். அண்ணனும் அடிமை. கடிதம் எஜமானர் சார்லஸ் சட்டில் கைக்குப் போனது.

மே 24 மாலை, வேலை முடிந்து திரும்பியவரை நகை திருடினாய் என்று பொய் சொல்லிப் பிடித்து நீதிமன்றக் கட்டடத்தில் அடைத்தார்கள். சற்று நேரத்தில் அறைக்குள் வந்த சட்டில், தொப்பியைக் கழற்றிக் கேலியாக வணங்கி நலம் விசாரித்தார். கேட்டபோதெல்லாம் பணம் தரவில்லையா என்றார். வருடத்துக்கு ஒருமுறை பன்னிரண்டரை சென்ட் தந்தீர்கள் என்றார் பர்ன்ஸ். வழக்கில் இந்தப் பேச்சையே அவருக்கு எதிரான சாட்சியாக வைத்தார்கள். தனக்காக வாய் திறக்கக் கூடாதவரின் வாய்ச்சொல், தன்னைச் சிக்கவைக்க மட்டும் செல்லும்!

மே 26 இரவு, கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து பெரிய உத்தரத்தால் நீதிமன்றக் கதவை இடித்து உள்ளே பாய்ந்தார்கள். காவலர் ஒருவர் செத்தார்; பர்ன்ஸை மீட்க முடியவில்லை. கறுப்பினப் போதகர் லியோனார்ட் கிரைம்ஸ் வேறு வழி பார்த்தார். வீடு வீடாக ஏறி 1,200 டாலர் திரட்டினார். சட்டிலும் விற்கச் சம்மதித்தார். சனிக்கிழமை நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் மத்திய அரசு வழக்கறிஞர் குறுக்கே நின்றார். மாசசூசெட்ஸில் மனிதரை விற்பது சட்டவிரோதமாம்.

ஜூன் 2 அன்று கமிஷனர் எட்வர்ட் லோரிங், எஜமானருக்கே சொந்தம் என்று தீர்ப்பளித்தார். ஒரு மனிதரைக் கப்பலேற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையாட்கள் வந்தார்கள், பீரங்கியும் வந்தது. செலவைப் பார்க்க வேண்டாம் என்று ஜனாதிபதி பியர்ஸே தந்தி கொடுத்திருந்தார். ஸ்டேட் ஸ்ட்ரீட்டின் இருபுறமும் கட்டடங்களில் கறுப்புத் துணி. தலைகீழாகத் தேசியக் கொடி. ‘சுதந்திரம்’ என்று எழுதிய சவப்பெட்டி ஒன்று தெருவுக்கு மேலே தொங்கியது. சுமார் ஐம்பதாயிரம் பேர் பார்த்து நின்றார்கள். அட்டக்ஸ் விழுந்த இடத்தைக் கடந்து துறைமுகத்துக்கு நடந்தார் பர்ன்ஸ். ஒரு காலத்தில் ராஜாவின் படை ஏறி வந்த தெரு. இப்போது இறங்கியது சொந்தப் படை.

ஆமோஸ் லாரன்ஸ் என்ற பருத்தி ஆலைத் தனவந்தர், நாங்கள் சமரசக்காரர்களாகப் படுத்து அடிமைமுறை எதிர்ப்பாளர்களாக எழுந்தோம் என்ற பொருளில் எழுதினார். அடுத்த மாதம் ஜூலை 4 அன்று அடிமைமுறை எதிர்ப்பாளர் வில்லியம் லாய்ட் கேரிசன் அரசியல் சாசனத்தின் பிரதியைப் பொதுமேடையில் கொளுத்தினார். இடம் ஃபிரேமிங்ஹாம்! அட்டக்ஸ் தப்பியோடிய அதே ஊர். கேரிசனுக்கு அது நினைவிருந்ததோ என்னவோ, எனக்கு அந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததும் புத்தகத்தை மூடி வைக்கத் தோன்றியது.

பர்ன்ஸை ரிச்மண்டில் நான்கு மாதம் விலங்கிட்டு அடைத்து, பிறகு 905 டாலருக்கு விற்றார்கள். விடாத கிரைம்ஸ் 1855இல் 1,300 டாலர் கொடுத்து அவரை மீட்டார். பர்ன்ஸ் படித்துப் போதகராகி, கனடாவில் 1862இல் இறந்தார். வயது 28. மாசசூசெட்ஸிலிருந்து அவருக்குப் பிறகு ஒருவரையும் திருப்பி அனுப்ப முடியவில்லை.

1857இல் உச்ச நீதிமன்றம் டிரெட் ஸ்காட் வழக்கில் கறுப்பர் குடிமகனே ஆக முடியாது என்றது. பாஸ்டன் கறுப்பின மக்கள் 1858 மார்ச் 5ஐ அட்டக்ஸ் நாளாகக் கொண்டாடிப் பதில் சொன்னார்கள். 1860இல் லிங்கன் வென்றார். 1861 ஏப்ரலில் சம்ட்டர் கோட்டை மீது குண்டு விழுந்து உள்நாட்டுப் போர் மூண்டது.

1863 மே 28 அன்று ஸ்டேட் ஸ்ட்ரீட்டில் மறுபடியும் படை இறங்கியது. 54ஆம் மாசசூசெட்ஸ் காலாட்படை. அதிகாரிகள் வெள்ளையர், சிப்பாய்கள் அத்தனை பேரும் கறுப்பர். அட்டக்ஸ் விழுந்த மண்ணை மிதித்து, பர்ன்ஸ் கப்பலேறப் போன வழியிலேயே பாடிக்கொண்டு கப்பலேறினார்கள். ஏழு வாரம் கழித்து, ஜூலை 18 அன்று, தென் கரோலினாவின் வாக்னர் கோட்டைத் தாக்குதலில் அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் மாண்டோ காயம்பட்டோ காணாமலோ போனார்கள்.

மாதம் 13 டாலர் என்று சொல்லித்தான் அவர்களைச் சேர்த்தார்கள். கொடுக்க வந்தபோது 10 என்றார்கள். அதிலும் உடுப்புக்கு 3 பிடித்தம். வெள்ளைச் சிப்பாய்க்கு 13 குறையவில்லை. 54ஆம் படை அந்தப் பணத்தைத் தொடாமல் 18 மாதம் சண்டை போட்டது. அந்தக் கதை அடுத்த வாரம்.