மதம் படிப்பதும், மதத்தைப் பற்றிப் படிப்பதும்

தில்லித் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் வருடம் வந்துவிட்டால் ஒரு பட்டியல் தயாராகிவிடும். ஐ.ஐ.டி., சி.ஏ., மருத்துவம், அதெல்லாம் இல்லையென்றால் எகனாமிக்ஸ் ஆனர்ஸ். இந்தப் பட்டியலில் நான் ஒருமுறைகூடப் பார்க்காத ஒரு துறை தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தில் இருக்கிறது. அதன் பெயர் பௌத்தவியல் துறை. 1957-இல் தொடங்கியது.

இதைப் பற்றி நண்பர்களிடம் பேசினால் முதல் கேள்வி, "வேலை கிடைக்குமா?" இரண்டாவது கேள்வி, "மதத்தை எதற்கு யூனிவர்சிட்டியில் போய்ப் படிக்கவேண்டும்? அதற்குத்தான் ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் இருக்கிறதே!" முதல் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இரண்டாவது கேள்விக்கு ஒரு வரலாறே பதிலாக இருக்கிறது. அதில் நம்மூர் பங்கும் கொஞ்சம் இருப்பதால் எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் சட்டம். நம் அரசியல் சாசனத்தின் 28-ஆவது பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது என்கிறது. அப்படியானால் அரசுப் பணத்தில் நடக்கும் ஒரு பல்கலைக்கழகம் பௌத்தத்துக்கு ஒரு துறை வைப்பது எப்படி?

பதில் ஒரு சின்ன வேறுபாட்டில் இருக்கிறது. மதத்தைப் போதிப்பது வேறு. மதத்தைப் பற்றிக் கற்பிப்பது வேறு. திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49-இல் பல்கலைக்கழகக் கல்விக்குழு அமைந்தது. சமயப் பெரியோர்களின் வாழ்க்கையையும், எல்லாச் சமய நூல்களிலிருந்தும் எடுத்த பொதுவான பகுதிகளையும், சமயத் தத்துவத்தின் அடிப்படைக் கேள்விகளையும் மாணவர்கள் படிக்கவேண்டும் என்று அது சொன்னது. 1964-66-இல் வந்த கோத்தாரி கல்விக்குழு இந்த வேறுபாட்டை இன்னும் தெளிவாகப் பிரித்து எழுதியது. 1971-இல் உச்ச நீதிமன்றம், டி.ஏ.வி. கல்லூரி வழக்கில், குருநானக்கின் வாழ்க்கையையும் போதனைகளையும் ஆராய்ச்சிப் பொருளாகப் படிப்பது மதபோதனை ஆகாது என்றது. 2002-இல் அருணா ராய் வழக்கிலும் ஏறக்குறைய இதே நிலைதான்.

சட்டப் புத்தகத்தில் இந்த வேறுபாடு மயிரிழை மாதிரி தெரியும். வகுப்பறையில் பார்த்தால் பளிச்சென்று தெரியும். கோயிலில் "இதை நம்பு" என்பார்கள். வகுப்பில் கேட்பது வேறு: "இந்த வரியை யார் எழுதினார், எந்த மொழியில், எப்போது, எந்தப் பிரதியில் எப்படி இருக்கிறது?"

இனி தில்லிக்கு வருவோம். 1956-இல் புத்தரின் 2500-ஆவது ஆண்டு நிறைவை இந்திய அரசு பெரிதாகக் கொண்டாடியது. தலாய் லாமாவும் பஞ்சென் லாமாவும் திபெத்திலிருந்து வந்தார்கள். அதையொட்டி '2500 ஆண்டு பௌத்தம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொகுப்பு ஒன்றை அரசே வெளியிட்டது. தொகுத்தவர் பி.வி.பாபட் என்ற பாலி அறிஞர். முன்னுரை ராதாகிருஷ்ணன். அதே கொண்டாட்டத்தின்போது நேரு அறிவித்ததன் விளைவாகத்தான் 1957-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் பௌத்தவியல் துறை பிறந்தது. அங்கே முதல் பேராசிரியராக வந்தவர் அதே பாபட். அப்போது பல்கலைக்கழகத்தின் வேந்தர் யார் தெரியுமா? குடியரசுத் துணைத்தலைவர் என்ற முறையில், அதே ராதாகிருஷ்ணன்தான்.

இதே காலத்தில், வளாகத்திலிருந்து அதிக தூரமில்லாத ஓர் இடத்தில் வேறொரு பௌத்த வரலாறும் நடந்துகொண்டிருந்தது. அலிப்பூர் ரோடு, 26-ஆம் எண் வீடு. அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6 அன்று இந்த வீட்டில் காலமானார். அவருடைய 'புத்தரும் அவர் தம்மமும்' அச்சாகி வந்தது 1957-இல், துறை தொடங்கிய அதே வருடம். நகரத்தின் ஒரே பக்கத்தில், ஓரிரு வருட இடைவெளிக்குள், பௌத்தம் ஒரு வாழும் நம்பிக்கையாகவும் ஓர் ஆராய்ச்சித் துறையாகவும் இரண்டு விதமாகத் திரும்பி வந்திருக்கிறது. இன்றைக்கு அந்த இடத்தில் நினைவகம் இருக்கிறது. விஸ்வவித்யாலயா ஸ்டேஷனிலிருந்து மெட்ரோவில் ஏறினால் சில நிமிடம்.

சரி, அந்தத் துறையில் என்னதான் செய்கிறார்கள்?

பெரும்பகுதி மொழி படிக்கிறார்கள். பௌத்த ஆய்வு உலகெங்கும் பாலி, சமஸ்கிருதம், திபெத்தியம், சீனம் என்ற நான்கு கால்களில் நிற்கிறது. புத்தர் பிறந்த நாட்டில் மூலநூல்கள் பல அழிந்துபோயின. இலங்கை பாலியில் காப்பாற்றியது. திபெத்தும் சீனாவும் மொழிபெயர்ப்பில் காப்பாற்றின. பாபட் தன் வாழ்நாளில் செய்த வேலையே இதற்கு நல்ல உதாரணம். புத்தகோசர் பாலியில் எழுதிய விசுத்திமார்க்கத்தையும், சீன மொழிபெயர்ப்பில் முழுதாகக் கிடைத்த விமுத்திமார்க்கத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு 1937-இல் நூலாக்கினார். ஒரு மொழி மட்டும் தெரிந்தவரால் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட முடியாது.

மாணவர்கள் யார் என்று பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம். தாய்லாந்து, மியான்மர், இலங்கை, வியட்நாம் என்று பல நாட்டுப் பிக்குகளும் பிக்குணிகளும் இங்கே படிக்க வருகிறார்கள். லடாக்கிலிருந்தும் வருகிறார்கள். காவி, மெரூன், சாம்பல் என்று உடுப்பு நிறமே நாட்டைச் சொல்லிவிடும். அவர்களுக்குப் பக்கத்தில் ஜீன்ஸ் போட்ட பீகார், ஹரியானா பிள்ளைகள். பாலிக்குத் தனக்கென்று ஓர் எழுத்து கிடையாது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. சிங்களவர் சிங்கள எழுத்தில் படிப்பார், தாய்லாந்துக்காரர் தாய் எழுத்தில், பர்மியர் பர்மிய எழுத்தில், நம் வடநாட்டுப் பிள்ளைகள் தேவநாகரியில். நூல் ஒன்று, கண் படிக்கும் எழுத்து நான்கு. தினமும் அந்த வசனத்தை ஓதுகிறவரும், புத்தர் சிலை முன் ஒருநாளும் நிற்காதவரும் அதே வினைச்சொல்லின் காலத்தைத்தான் கண்டுபிடிக்கவேண்டும். அங்கே பக்திக்குத் தனி மதிப்பெண் கிடையாது. அவமதிப்புக்கும் இடமில்லை.

இந்தப் படிப்பால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய ரிட்ஜ் காட்டுமேட்டில் ஒரு சாட்சி நிற்கிறது. இந்து ராவ் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓர் அசோகர் தூண். 14-ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் மீரட்டிலிருந்து கொண்டுவந்தது. அவர் தோப்ராவிலிருந்து கொண்டுவந்த இன்னொன்று பிரோஸ் ஷா கோட்லாவில் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சுல்தான் பண்டிதர்களைக் கேட்டார். ஒருவராலும் படிக்க முடியவில்லை. 1837-இல்தான் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தை முழுதாகப் படித்தார். எழுத்து புரிந்தது, ஆள் புரியவில்லை. 'பியதசி' என்ற ராஜா யார்? இலங்கையில் அரசு வேலை பார்த்துக்கொண்டே பாலி படித்த ஜார்ஜ் டர்னர் என்பவர்தான், தீபவம்சம் என்ற பழைய பாலி நூலில் அந்தப் பெயர் அசோகருக்கு உரியது என்று கண்டார். தில்லித் தூணின் பூட்டுக்குச் சாவி இலங்கை ஓலையில் இருந்திருக்கிறது. அசோகரின் இரண்டாவது பாறைச் சாசனத்தில் சோழரும் பாண்டியரும் வருவது நமக்குத் தெரிந்ததும் இந்தச் சாவியால்தான்.

இப்போது நம்மிடம் வருகிறேன்.

மேலே சொன்ன நான்கு மொழிகளில் தமிழ் இல்லை. ஆனால் தமிழ்நாடு இருக்கிறது. புத்தகோசர் தன் உரைநூல் ஒன்றின் முடிவில் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைக் குறிப்பிடுகிறார். உறையூர்க்காரரான புத்ததத்தர் காவிரிக் கரையில் பூதமங்கலத்திலும் காவிரிப்பூம்பட்டினத்திலும் உட்கார்ந்து பாலியில் எழுதினார். இன்றும் தேரவாத நாடுகளில் அவற்றைப் படிக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தது செப்பேட்டில் இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் வீரசோழியம் என்று தமிழுக்கே ஓர் இலக்கணம் எழுதினார். நாம் பிள்ளைகளை அனுப்பும் 'பள்ளி'கூட, ஒரு காலத்தில் சமணரும் பௌத்தரும் வாழ்ந்த இடத்தின் பெயர்தான்.

அப்புறம் என்ன ஆயிற்று? உ.வே.சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கும்போது கும்பகோணத்தில் சமணக் குடும்பங்கள் இருந்தன. போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். மணிமேகலையைக் கையில் எடுத்தபோது கேட்பதற்கு அக்கம்பக்கத்தில் பௌத்தர் யாரும் இல்லை. ஆங்கில நூல்களைப் படித்து விளக்கிய ரங்காசாரியார் என்ற பேராசிரியரின் துணையோடுதான் 1898-இல் நூல் வெளிவந்தது. அதே 1898-இல்தான் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். சென்னையில் அறிவியல் பேராசிரியராக இருந்த லட்சுமி நரசு 1907-இல் எழுதிய பௌத்த நூலை அம்பேத்கர் தன் முன்னுரையோடு 1948-இல் மறுபடி அச்சிட வைத்தார். நூல் திரும்பி வந்தது, மக்களும் திரும்பி வந்தார்கள். இடையில் போனது போனதுதான்.

போனதில் ஒன்று குண்டலகேசி. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதில் இன்று கிடைப்பது ஒரு சில பாட்டுகள் மட்டும். அதை மறுக்க வந்த நூல்தான் நீலகேசி. ஆனால் கதை போகவில்லை. மலையுச்சியில் தன்னைக் கொல்ல வந்த கணவனைத் தானே தள்ளிவிட்ட அந்தப் பெண், பத்தா குண்டலகேசா என்ற பெயரில் பாலி தேரிகாதையிலும் அதன் உரையிலும் இருக்கிறாள். (1950-இல் வந்த 'மந்திரி குமாரி' படமும் இந்தக் கதைதான். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்!) தமிழில் தொலைந்ததைப் பாலியில் தேடலாம். தேடுவதற்கு இரண்டும் தெரிந்த ஒருவர் வேண்டும்.

இன்னொன்று மணிமேகலையின் 29-ஆம் காதை. அறவண அடிகள் அவளுக்குத் தர்க்கம் கற்பிக்கும் இடம். பலரும் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள், அவ்வளவு வறட்சி. ஆனால் அந்தப் பாடம் சமஸ்கிருதத்தில் உள்ள நியாயப்பிரவேசம் என்ற பௌத்தத் தர்க்க நூலோடு நெருக்கமாக ஒத்துப்போகிறது. அந்த நூலைச் சீனத்தில் மொழிபெயர்த்தவர் யுவான் சுவாங். எது முந்தியது, எது எதிலிருந்து எடுத்தது என்ற கேள்வியில் மணிமேகலையின் காலமே அடங்கியிருக்கிறது. 1928-இல் எஸ்.கிருஷ்ணசாமி ஐயங்கார் இதைப் பற்றித் தனிநூல் எழுதி வாதாடினார். தமிழ், சமஸ்கிருதம், சீனம் மூன்றும் ஒரே மேஜையில் இருந்தால்தான் இந்த வழக்குக்குத் தீர்ப்பு.

அந்த மேஜை தில்லியில் இருக்கிறது என்பதுதான் நான் சொல்லவந்தது. பௌத்தவியல் துறை இருக்கும் அதே கலைப்புலத்தில், நவீன இந்திய மொழிகள் துறையில் தமிழும் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் சீனமும் கற்பிக்கப்படுகிறது. அன்று உ.வே.சா.வுக்குக் கும்பகோணத்தில் கேட்க ஆளில்லை. இன்று ஒரு தமிழ்ப் பிள்ளை வகுப்பில் பக்கத்து நாற்காலிக்குத் திரும்பி இலங்கைப் பிக்குவிடம் கேட்கலாம். அவரும் திருப்பிக் கேட்பார், "உங்கள் காஞ்சியில்தானே இதை எழுதினார்கள், தமிழில் இதற்கு என்ன சொல்?" என்று. அதற்குப் பதில் சொல்ல நம்மில் ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கவேண்டும், இல்லையா?

மணிமேகலையே இதற்கு வழிகாட்டி. வஞ்சி நகரில் அவள் மாறுவேடத்தில் போய் வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர் என்று ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். பூதவாதியையும் விடவில்லை. எல்லாரையும் கேட்டுவிட்டுத்தான் தன் வழியை முடிவு செய்கிறாள். ஊர்விட்டு ஊர் வந்து, பக்கத்து வீட்டில் குருத்வாராவும் எதிர்வீட்டில் ஈத் பிரியாணியுமாக வளரும் நம் பிள்ளைகள் பாதி வஞ்சி நகரில்தான் இருக்கிறார்கள். வீட்டில் சுலோகமும் தேவாரமும் சொல்லிக்கொடுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? கூடவே, அடுத்தவர் நம்புவதைப் பொறுமையாகக் கேட்டு, மூலத்தைப் புரட்டிப் பார்த்து, பிறகு பேசும் பழக்கமும் வரட்டும். அதற்கு எம்.ஏ. வரை போகவேண்டும் என்பதில்லை.

ஆனால் ஆயிரத்தில் ஒரு பிள்ளை "நான் பாலி படிக்கப்போகிறேன்" என்று வந்து நின்றால், உடனே எகனாமிக்ஸ் ஆனர்ஸ் விண்ணப்பத்தை நீட்டாதீர்கள். குண்டலகேசி இன்னும் தேடப்படவேண்டியிருக்கிறாள்.