'என் முன் தோன்றினார்'

அமெரிக்காவில் பத்திரத்தின் அடியில் நோட்டரி எழுதும் சான்று, கையெழுத்திட்டவர் 'என் முன் நேரில் தோன்றினார்' என்று சொல்லும். இணையத்தில், கேமரா வழியாக அந்தச் சான்றைத் தருவதை எதிர்ப்பவர்களின் வாதம் பெரும்பாலும் இந்தச் சொற்களின்மேல்தான் நிற்கிறது. வர்ஜீனியா மாநிலம் 2011இல் சட்டம் இயற்றி, 2012 ஜூலை முதல் இணையவழிச் சான்றை அனுமதித்தது. தலைமுறைகளாகக் காத்துவந்த ஒரு முறை அன்றோடு கைவிடப்பட்டது என்பது எதிர்த்தரப்பின் குறை. பழைய வழக்குகளைப் புரட்டினால் அப்படித் தெரியவில்லை. நேரில் தோன்றுவது அங்கே ஒருநாளும் முழுதாகக் காக்கப்பட்டதில்லை. காக்கப்பட்டதா என்று பிற்பாடு சோதிக்க வழியும் பெரும்பாலும் இருந்ததில்லை. இணையவழி முறை புதிதாகச் சேர்த்தது அந்த வழியைத்தான் என்பது என் கட்சி.

கலிபோர்னியாவில் 1889இல் தீர்ப்பான பானிங் வழக்கை எடுத்துக்கொள்வோம். மணமான பெண் சொத்தை எழுதிக்கொடுத்தால், கணவன் காதில் விழாதபடி நோட்டரி அவளைத் தனியே விசாரித்து, பத்திரத்தில் உள்ளதை விளக்கிச் சொல்லி, மனமொப்பித்தான் எழுதிக்கொடுக்கிறாளா என்று கேட்டறிய வேண்டும் என்பது அன்றைய சட்டம். பெண்ணுக்குச் சுயபுத்தி இல்லை என்ற எண்ணமும் அதில் இருந்தது, கணவனின் மிரட்டலிலிருந்து காக்கும் அக்கறையும் இருந்தது. பானிங் வழக்கில் இந்த விசாரணை தொலைபேசியில் நடந்தது. தொலைபேசிக்குக் காப்புரிமை கிடைத்துப் பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. மோசடியோ வற்புறுத்தலோ மெய்ப்பிக்கப்படாத நிலையில், முறையாக எழுதப்பட்ட சான்றை அசைக்க மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பின்னாளில் வேறு மாநில நீதிமன்றங்கள் தொலைபேசிச் சான்றை ஏற்காததும் உண்டு. ஆனாலும் இந்தத் தீர்ப்பு ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது: நீதிமன்றம் காப்பாற்றியது சான்று எழுதிய தாளை, அந்தப் பெண் யார் முன்னிலையில் இருந்தாள் என்பது இரண்டாம்பட்சமாகிவிட்டது.

தாளை மட்டும் நம்பினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2010 காட்டியது. நம் நாட்டு நோட்டரிகளைப் போலன்றி, அமெரிக்க நோட்டரிகள் பெரும்பாலும் வழக்கறிஞர்கள் அல்லர்; வங்கியிலும் அலுவலகங்களிலும் வேலை பார்த்துக்கொண்டே முத்திரை வைத்திருக்கும் சாதாரண ஊழியர்கள். கடன் கட்டாத வீடுகளைப் பறிமுதல் செய்ய வங்கிகள் நீதிமன்றங்களில் குவித்த பிரமாணப் பத்திரங்கள் பலவற்றில், கையெழுத்திட்டவர் படித்தும் பார்க்கவில்லை, நோட்டரி முன் வரவும் இல்லை என்பது அம்பலமானது. ஒவ்வொன்றிலும் அந்த 'நேரில் தோன்றினார்' மட்டும் பிசகாமல் இருந்தது. 2012இல் ஐந்து பெரிய வங்கிகள் 49 மாநிலங்களோடும் மத்திய அரசோடும் சுமார் 2,500 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. வர்ஜீனியாவின் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். அந்தச் சட்டப்படி, உரையாடல் முழுவதும் ஒலி ஒளியோடு பதிவாக வேண்டும். பதிவை ஐந்தாண்டுகளாவது வைத்திருக்க வேண்டும். தடயம் மிஞ்ச வேண்டும் என்ற இந்த எண்ணம் புதிதல்ல. வீட்டுப் பத்திரம் என்றால் நோட்டரியின் குறிப்பேட்டில் பெருவிரல் ரேகை வேண்டும் என்று கலிபோர்னியா 1996இலேயே விதித்திருந்தது. ரேகையை இப்படிப் பத்திரப் பதிவுக்குப் பயன்படுத்தும் வழக்கத்தை, 1877இல் வங்காளத்தின் ஹூக்ளியில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி தொடங்கிவைத்திருந்தார். எழுதிக்கொடுத்தவரே பிறகு 'நானில்லை' என்று மறுப்பதும், ஒருவர் பெயரில் இன்னொருவர் வந்து நிற்பதும் அவருக்குத் தலைவலி. ஆள் எதிரில் வந்து நின்றது மட்டும் போதவில்லை; தடயம் ஒன்று மிஞ்ச வேண்டியிருந்தது.

எதிர்வாதங்களில் இரண்டு கனமானவை. முதலாவது, ஆள்மாறாட்டம். கடன் வரலாற்றிலிருந்து கேள்விகள் கேட்டு ஆளை அடையாளம் காணும் முறையைப் பல மாநிலங்கள் ஏற்றன. 2017இல் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோன பிறகு, அந்தக் கேள்விகளுக்குத் திருடனும் விடை சொல்லலாம். போலி முகத்தையும் குரலையும் கணினியே செய்துதரும் காலம் வேறு வந்துவிட்டது. இதை மறுக்க முடியாது. ஆனால் போலி அடையாள அட்டையோடு நேரில் வந்தவனை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த நோட்டரி எத்தனை முறை கண்டுபிடித்தார்? அவன் போனபின் மிஞ்சியது ஒரு கையெழுத்து. கேமரா முன் ஏமாற்றியவனின் முகமும் குரலும், பொய்யானவையே ஆனாலும், ஆராய்வதற்குக் கையில் இருக்கின்றன. இரண்டாவது வாதம் எனக்கு இன்னும் கனமாகப்படுகிறது: திரைக்கு வெளியே நின்று வயதான தாயை மிரட்டும் மகனைக் கேமரா பார்க்காது. நேரில் பார்ப்பவர் மட்டும் அதைக் கண்டுபிடித்துவிடுவார் என்பதற்கும் உறுதியில்லை, ஏனென்றால் தனியே விசாரிக்கும் பழைய கடமையை மாநிலங்கள் எப்போதோ எடுத்துவிட்டன. பெண்ணை இழிவுபடுத்திய பகுதியைக் கழித்துவிட்டு, அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லி, ஆள் தனியே இருக்கும்போது கேட்டறியும் கடமையை எல்லோருக்கும் பொதுவாக மீண்டும் விதிப்பதே சரியென்பேன். காகித முறைக்கும் அது தேவைதான்.

2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தபோது, நியூயார்க் உள்ளிட்ட மாநில ஆளுநர்கள் அவசர ஆணையால் காணொளிச் சான்றை அனுமதித்தார்கள். இன்று 40க்கும் மேற்பட்ட மாநிலங்களில் அது நிரந்தரச் சட்டம். 1889இல் தொலைபேசிச் சான்றைக் காப்பாற்றிய கலிபோர்னியா 2023இல்தான் சட்டம் இயற்றியது. அங்குள்ள நோட்டரிகள் அந்த வேலையைத் தொடங்க 2030 வரை ஆகலாம். அதுவரை, வர்ஜீனியா நோட்டரி தன் ஊரிலிருந்தபடி கேமராவில் பார்த்துச் சான்று தந்த பத்திரத்தைக் கலிபோர்னியாவில் பதிவுசெய்ய அந்த மாநிலச் சட்டத்தில் தடையில்லை.