எல்லைப்புறக் கல்லூரிகளில் மாணவர் வாழ்வு: பாலக்காடு, இடுக்கி

கேரளத்தின் கிழக்கு விளிம்பில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டமும் அட்டப்பாடியும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு வட்டங்களும் தமிழும் மலையாளமும் பழங்குடி மொழிகளும் அருகருகே வழங்கும் பகுதிகளாகும். எந்த ஊர் எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் என்பதை இங்கு அரசியல் எல்லைகளே முடிவு செய்தமையால், இப்பகுதி மாணவர்களின் மொழிக் கலப்பையும் கலை முயற்சிகளையும் ஊர்ப்பணியையும் விளக்குவதற்கு முன் அவ்வெல்லைகளின் வரலாற்றைக் கூற வேண்டியுள்ளது.

1956ஆம் ஆண்டு மொழிவழி மாநிலங்கள் அமைவதற்கு முன், 1949இல் கொச்சியும் திருவிதாங்கூரும் இணையும் வரை, இந்நிலம் மூன்று ஆட்சிகளுக்கு உட்பட்டிருந்தது. பாலக்காடு நகரம் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. சித்தூர், கொச்சி சமஸ்தானத்தின் தனித்துக் கிடந்த ஒரு துண்டு. இன்றைய இடுக்கியின் உயர்மலைப் பகுதி திருவிதாங்கூருக்கு உரியது. இவற்றுள் உயர்கல்வியில் முந்தியது பாலக்காடு. வட்டார மக்களிடம் தண்டிய கல்வி வரியைக் கொண்டு நடத்தப்பட்டதால் 'ரேட் ஸ்கூல்' என்று வழங்கப்பட்ட பள்ளி ஒன்று 1866இல் அங்கே தொடங்கப்பெற்று, 1888இல் இரண்டாந்தரக் கல்லூரியாக, அதாவது எஃப்.ஏ. எனப்பட்ட இடைநிலைத் தேர்வு வரை மட்டும் கற்பிக்கும் கல்லூரியாக உயர்ந்தது. விக்டோரியா அரசியின் பெயரைத் தாங்கிய அக்கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தில் இணைந்திருந்து, மாநிலப் பிரிவினைக்குப் பின் கேரளப் பல்கலைக்கழகத்துக்கும், 1968இல் கோழிக்கோடு பல்கலைக்கழகம் தோன்றியபின் அதற்கும் மாறியது. கட்டடம் நின்ற இடத்திலேயே நிற்க, அங்கே பயின்றோர் வாங்கிய பட்டங்கள் மூன்று பல்கலைக்கழகங்களின் முத்திரையைத் தாங்கின. கல்பாத்தி முதலிய அக்கிரகாரங்களின் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் வள்ளுவநாட்டு மலையாளிகளும் ஒரே வகுப்பில் அமர்ந்த இக்கல்லூரியிலிருந்து, பின்னாளில் தலைமைத் தேர்தல் ஆணையரான டி. என். சேஷனும், கொங்கண் ரயில் பாதையை அமைத்த இ. ஸ்ரீதரனும் வெளிவந்தனர்.

சித்தூர் அரசுக் கல்லூரி 1947இல் தொடங்கப்பெற்றது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் ஆகிய ஊர்களிலிருந்து வரும் தமிழ் மாணவர்களுக்கு இயல்பான கல்லூரி இதுவே. பட்ட வகுப்புக்கு அப்பாலும் தமிழ் கற்பிக்கும் துறை இங்குள்ளது. கொங்குப் படையைச் சித்தூரார் வென்றதாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியை ஆண்டுதோறும் 'கொங்கன்படை' என்னும் திருவிழாவாக நடித்துக் காட்டும் ஊரில், கொங்குத் தமிழ் பேசும் மாணவர்கள் சங்க இலக்கியம் பயில்வது எல்லைப்புறத்துக்கே உரிய இணக்கம் எனலாம்.

இடுக்கியின் கதை வேறு. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் 1937இல் நிறுவப்பட்ட பின்னும் உயர்மலையில் கல்லூரி எழவில்லை. தேயிலைத் தோட்டங்களில் லயங்கள் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் பிறந்து பட்டப்படிப்பை நாடியோர் மலையிறங்கி உத்தமபாளையத்துக்கோ போடிநாயக்கனூருக்கோ செல்ல வேண்டியிருந்தது. 1956இல் உத்தமபாளையத்தில் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவ்தியா கல்லூரி இவ்வகையில் கேரள மலைவாழ் தமிழர்க்கும் பயன்பட்டது. தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் தமிழகத்தோடு இணைக்கக் கோரி மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியபோது, அங்குள்ள தமிழர் பெரும்பாலும் வந்துபோகும் தோட்டத் தொழிலாளரே என்ற வாதத்துக்கு இடங்கொடுத்து மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் அக்கோரிக்கையை ஏற்க மறுத்தது. தோட்டங்கள் வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே மதுரைப் பக்கமிருந்து வந்து தேவிகுளம் வட்டத்தில் நிலைத்த அஞ்சுநாட்டுக் குடிகளை அவ்வாதம் கணக்கில் கொள்ளவில்லை. மூணாற்றில் அரசுக் கல்லூரி அமைய 1995 வரை காத்திருக்க நேர்ந்தது. அங்கும் தமிழ்த் துறை உண்டு. கல்லூரி மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் பிள்ளைகளை முன்னிட்டு 2012இல் ஓர் அரசுக் கல்லூரி தோன்றியது.

படைப்பு முயற்சிகளில் விக்டோரியா கல்லூரியின் பங்கே மிகுதியும் பதிவாகியுள்ளது. எம். டி. வாசுதேவன் நாயர் அங்கே வேதியியல் படித்துக்கொண்டிருந்த 1952ஆம் ஆண்டில் அவருடைய முதல் சிறுகதைத் தொகுதி நண்பர்களின் உதவியால் அச்சேறியது. ஓ. வி. விஜயனும் அக்கல்லூரி மாணவரே. பாலக்காட்டை அடுத்த தசராக்கைக் களமாகக் கொண்டு 1969இல் வெளிவந்த அவரது 'கசாக்கின் இதிகாசம்' நாவலில் எல்லைப்புறப் பேச்சின் தமிழ்ச் சாயல் பரவலாகக் காணப்படுகிறது. இக்கல்லூரிகளில் எழுதிய தமிழ் மாணவர்களின் ஆக்கங்கள் பெரும்பாலும் ஆண்டு மலர்களோடு நின்றுவிட்டன. ஆண்டு மலரைப் பொறுப்பேற்று நடத்தும் 'மாகசின் எடிட்டர்' கேரளக் கல்லூரிகளில் மாணவர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவியாகும். சேர்மன், பொதுச்செயலாளர், பல்கலைக்கழக யூனியன் கவுன்சிலர் ஆகியோரும் அவ்வாறே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். மாணவர் தேர்தல் வழக்கொழிந்துபோன தமிழகக் கல்லூரிகளிலிருந்து வருவோர்க்கு இது புதுமையாகத் தோன்றும்.

சுவரெழுத்தும் இம்மாணவர் அரசியலின் ஒரு கலை வடிவம். கல்வியாண்டுத் தொடக்கத்தில் சுவரின் ஒரு பகுதிக்கு வெள்ளையடித்து, அமைப்பின் பெயரோடு 'புக்டு' என்று எழுதி இடம்பிடித்துக்கொண்டு, பின்னர் புதிய மாணவரை வரவேற்கும் வாசகங்களும் ஓவியங்களும் தீட்டுவர். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் 2018 சூலை 2ஆம் நாள், இவ்வாறு பிடித்த சுவர் குறித்து எழுந்த மோதலில், இடுக்கி மாவட்டத்து வட்டவடையைச் சேர்ந்த வேதியியல் மாணவரும் இந்திய மாணவர் சங்கத்தைச் சேர்ந்தவருமான அபிமன்யு கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். எதிர்த்தரப்பார் எழுதியிருந்த வரிக்கு மேல், மதவெறி ஒழிக என்னும் பொருள்பட மலையாளத்தில் எழுதப்பட்டதே மோதலுக்குக் காரணமாயிற்று. பூண்டும் முட்டைக்கோசும் விளையும் மலைச் சிற்றூரில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, ஊருக்கு ஒரு நூலகம் வேண்டும் என்று விரும்பியிருந்த அம்மாணவரின் நினைவாகக் கேரளம் முழுவதிலுமிருந்து புத்தகங்கள் வந்து குவிய, வட்டவடையில் அவர் பெயரால் நூலகம் அமைந்தது. தாயின் தமிழ்ப் புலம்பலையே தலைப்பாகக் கொண்ட மலையாளத் திரைப்படமும் 2019இல் வெளிவந்தது. 1945இல் பி. என். பணிக்கரின் முயற்சியால் ஒருங்கிணைந்த கிரந்தசாலா இயக்கம் ஊர்தோறும் வாசகசாலை வளர்த்த மாநிலத்தில், மலைத் தமிழ் ஊரொன்றுக்கு இத்துணைப் புத்தகங்கள் சேர ஒரு மாணவர் உயிரிழக்க வேண்டியிருந்தது.

முறைசார்ந்த ஊர்ப்பணி நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழி நடைபெறுகிறது. காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்ற இத்திட்டத்தில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டாண்டுகள் பணியாற்றுவதோடு, ஏழு நாள் சிறப்பு முகாமிலும் தங்குவர். இரு மொழியும் அறிந்த எல்லைப்புற மாணவர், லயங்களிலும் பழங்குடிக் குடியிருப்புகளிலும் அரசு மருத்துவ முகாம் நடக்கையில் மொழிபெயர்ப்பாளராகவும் பயன்படுகின்றனர். 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத உரிமை தருகிறது. ஆயினும் அலுவலகப் படிவங்கள் பெரும்பாலும் மலையாளத்தில் இருப்பதால், முதியோர் ஓய்வூதிய விண்ணப்பத்தை நிரப்பித் தருவது கல்லூரியில் படிக்கும் வீட்டுப் பிள்ளையின் வேலையாகிறது.

2018 ஆகஸ்டு மழையில் மலைச்சரிவால் மூணாறு கல்லூரிக் கட்டடங்கள் சேதமடைந்து வகுப்புகள் வேறிடங்களுக்கு மாறின. 2024 முதல் கேரளக் கலை, அறிவியல் கல்லூரிகளில் நான்காண்டுப் பட்டப்படிப்பு நடைமுறைக்கு வந்துள்ளது.